நெடுந்தீவில் நான் குடியாத பேணி

காலை ஆறு மணி பத்து நிமிடம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் முக்கால்வாசி நிறைந்திருந்தது. ரிக்கற் ஏழு ரூபா. மங்களம் அக்கா யன்னல் ஓரம் இருந்தார். நான் இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஒரு பையில் சீனியும் உப்பும் தேக்கரண்டிகளும். மற்றப் பையை நான் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும். வழி நெடுக என் விரல்கள் அந்தப் பையின் ஸிப் பூட்டைத் தடவிக்கொண்டே வந்தன.

தொண்ணூறாம் ஆண்டு வைகாசி மாதம் அது. இந்திய இராணுவம் கப்பலேறி அதிக நாள் ஆகவில்லை. சண்டை இல்லை, ஆனால் சண்டை இல்லை என்பதை நம்பினவர்களும் இல்லை. எனக்கு இருபது வயது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கையில் இருந்தது, வகுப்பு எப்போது தொடங்கும் என்பது எவருக்கும் தெரியாது. வீட்டில் சும்மா இருக்க ஏலாமல், நகரத்தில் மூன்று பேர் நடத்திய ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தேன். அச்சகம் ஒன்றின் மேல்மாடியில் ஓர் அறை, ஓர் அலுமாரி, இரண்டு கதிரை. கதவில் தொங்கிய பலகையில் வயிற்றோட்டத் தடுப்பு என்று எழுதியிருந்தது. உண்மையான வேலை வேறு. எயிட்ஸ் கிருமி உடம்பில் இருப்பதாகத் தெரிந்தவர்களைத் தேடிப்போய்ப் பார்ப்பது, புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுப்பது, கதைத்துக்கொண்டிருப்பது. அந்தக் கிருமிக்கே மருந்து அப்போது எங்கள் பக்கத்தில் இல்லை.

மங்களம் அக்கா முன்பு ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர். நாற்பது வயது இருக்கும். அதிகம் சிரிக்கமாட்டார். அவர் பார்க்கப்போகும் நோயாளிகளில் ஒருவரைக்கூட நான் அதுவரை கண்டதில்லை. பெயர் இல்லை, படம் இல்லை, கொப்பியில் ஒரு வரி இல்லை. இப்படி ஆட்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, அல்லது இது வேறு எதற்கோ போட்ட மறைப்பா என்ற ஐயம் எனக்கு இரண்டாம் கிழமையே வந்துவிட்டது.

இதை எழுதுவதற்கு, இதில் வரும் ஒரு வீட்டாரிடம் பிறகு அனுமதி வாங்கினேன். அவர்கள் இப்போது நெடுந்தீவில் இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், வீடுகளின் வரிசையையும் மாற்றியிருக்கிறேன். கண்டுபிடிக்கலாம் என்று யாரும் முயல வேண்டாம். அந்த முயற்சியின் விலை என்ன என்று எனக்குத் தெரியும்.

ஆறரை. பண்ணைப் பாலம். இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. சந்திக்குச் சந்தி பஸ் நின்றது, சந்திக்குச் சந்தி யாரோ ஒருவர் ஏறி எங்கள் பைகளைப் பார்த்தார்.

"அக்கா, இண்டைக்குப் பாக்கப்போற ஆள் ஆர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒன்பது வீடு இருக்கு. ஒன்பதுக்கும் போவம்."

"ஒன்பது வீட்டிலையும் வருத்தக்காரரோ?"

"ஒரு வீட்டிலை."

"எந்த வீடு?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "உமக்குத் தெரிஞ்சால் உம்முடைய முகத்துக்குத் தெரியும். முகத்துக்குத் தெரிஞ்சால் ஒழுங்கைக்குத் தெரியும்."

அதுதான் அவருடைய வேலைமுறை. ஒரு வீட்டை மறைக்க ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் உப்புச்சீனிக் கரைசல் செய்து காட்டுவோம்: ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு இதுதான் முதல் உதவி. அது பொய்யல்ல, அந்த ஒழுங்கைக்கு, ஒன்பது வீடும் இருந்த அந்தச் சிறு தெருவுக்கு, உண்மையிலேயே தேவையான பாடம். நான் கலக்கிக்கொண்டிருக்க, அக்கா அந்த வீட்டில் ஒருவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, நாக்கும் கண்ணும் பார்ப்பார். ஒன்பது வீட்டிலும் கதவு சாத்தப்படும். எந்தக் கதவுக்குப் பின்னால் மற்றப் பை திறக்கப்படுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு விதி மட்டும் எனக்கு. கலக்கிய கரைசலை அந்த வீட்டுத் தண்ணீர்க் குவளையில், பேணியில், முதலில் நான் குடிக்க வேண்டும். பிறகுதான் வீட்டார்.

"அவையின்ரை தண்ணியை நாங்கள் குடிச்சால்தான் எங்கடை கதையை அவை குடிப்பினம்" என்றார் அக்கா.

ஏழு மணி ஐம்பது. குறிகட்டுவான் இறங்குதுறை. காவலுக்கு நின்ற இயக்கக்காரர் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார். சீனியை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். உப்பையும் நக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு சீனி எங்கை கொண்டு போறியள்?"

"வயித்தோட்டத்துக்கு" என்றார் அக்கா.

"ஆருக்கு வயித்தோட்டம்?"

"இனி வரப்போறவைக்கு."

அவர் சிரிக்கவில்லை. மற்றப் பைக்குள் கையை விட்டார். பஞ்சு, துணிச்சுருள், கறுப்புப் போத்தல்கள், களிம்பு. என் கண்ணும் அவருடைய கையோடு உள்ளே போய் வந்தது. அவ்வளவுதான். துவக்குமில்லை, இரகசியக் கடிதமுமில்லை. எனக்குச் சிறிது ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எட்டரைக்கு லோஞ்ச் புறப்பட்டது. ஆளுக்குப் பத்து ரூபா. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வலக்கைப் பக்கம் நயினாதீவு, கோயில் கோபுரமும் விகாரையின் வெள்ளைக் கூம்புமாகக் கொஞ்ச நேரம் கூடவே வந்து பின்னால் போனது. அதன் பிறகு வெறும் கடல். வெட்டவெளியில் வந்ததும் லோஞ்ச் ஆடியது. யாரோ ஏற்றியிருந்த கூட்டுக்குள் கோழிகள் ஒருமுறை கத்திவிட்டு அடங்கின. நெடுந்தீவு கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு தட்டையான நிலம். முதலில் பனைகள் கடலுக்குள் நிற்பதுபோல் இருந்தன, பிறகு அவற்றின் கீழே தரை வந்தது.

பத்து மணிக்கு மாவலித்துறையில் இறங்கி, லாண்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு இயந்திரம் இழுத்த பெட்டியில் ஏறினோம். ஊரில் வாகனம் என்றால் அதுதான். இரண்டு பக்கமும் பவளப்பாறையில் வெட்டிய முருகைக்கல் மதில்கள். சாந்து இல்லை, கல்லுக்கு மேல் கல் அடுக்கியிருந்தார்கள். மதிலின் இடைவெளிகளில் கண்கள் தெரிந்தன. மாட்டின் கண்ணா மனிதக் கண்ணா என்று போகிற வேகத்தில் பிரிக்க முடியவில்லை. தூரத்தில் ஒரு வெளியில் சொந்தக்காரர் இல்லாத நாலைந்து குதிரைகள் எங்களைத் தலைதூக்கிப் பார்த்தன.

"உப்புச்சீனி அக்கா வந்திட்டா!" என்று ஒழுங்கை முகப்பில் ஒரு பெண் குரல் கொடுத்தார். அவர்தான் தங்கம்மா. நெய் காய்ச்சி நகரத்துக்குக் கொண்டுபோய் விற்பவர். அந்த ஒழுங்கையின் புதினப் பத்திரிகையும் அவர்தான் என்று அக்கா எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"இந்த முறை ஆளோடை வந்திருக்கிறா. தம்பி ஆர், மாப்பிள்ளையோ?"

"சீனி கலக்கிற தம்பி" என்றார் அக்கா.

"கலக்கட்டும், கலக்கட்டும். கலியாணம் கட்டினாலும் அதுதானே வேலை."

ஒழுங்கையின் நடுவில் ஒரு கிணறு. ஒன்பது வீட்டுக்கும் அது ஒன்றுதான் நல்ல தண்ணீர். சுற்றிலும் உள்ள மற்றக் கிணறுகள் உவர். குளிக்கலாம், குடிக்க ஏலாது.

முதல் வீடு பத்தரைக்கு. குடித்தேன். இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு, குடித்தேன். எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. கூட்டமாக வந்து பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். ஒரு கிழவர், "தம்பி, இதுக்குள்ளை கொஞ்சம் கள்ளு விட்டால் என்ன செய்யும்?" என்றார். "வயித்தோட்டம் நிக்காது அப்பு, நீங்களும் நிக்கமாட்டியள்" என்றேன். ஒழுங்கையே சிரித்தது.

ஆனால் அதே நேரம் நான் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தேன். என் கையில் அப்பாவின் மணிக்கூடு. அக்கா உள்ளறையில் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று ஒவ்வொரு வீட்டிலும் பார்த்தேன். ஐந்து, ஆறு, ஐந்து, நாலு, ஆறு. எனக்கு மட்டும் சொல்லாமல் மறைப்பதை நானே கண்டுபிடிக்க வேண்டும் என்ற துடிப்பு.

அடுத்தது ஆறாவது வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமணி என்ற பெண்ணும் அவருடைய தம்பி செல்வராசாவும் இருந்த வீடு. மற்ற வீடுகளைவிடச் சிறியது, ஓலைக்கூரை. செல்வராசாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மெலிந்த ஆள். தோளெலும்பு சேர்ட்டுக்கு மேலாகத் தெரிந்தது. சவூதியில் வேலை செய்து, ஒப்பந்தம் முடியுமுன் திரும்பி வந்ததாக அவரே சொன்னார். அங்கே வேலைக்காரரின் இரத்தத்தைச் சோதித்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நான் பத்திரிகையில் வாசித்திருந்தேன். அக்கா அவரைத்தான் உள்ளே கூட்டிப் போனார். மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

செல்வராசா வெளியே வந்து, நான் கலக்கி வைத்த கரைசலைத் தன் கையாலேயே பேணியில் வார்த்து நீட்டினார். "இந்தாரும் தம்பி. விதிப்படி முதலிலை நீர் குடியும்."

தண்ணீரால் பரவாது, பேணியால் பரவாது, கை தொட்டால் பரவாது. இதைத் துண்டுப்பிரசுரமாக எழுதிக் கீழே அச்சகத்தில் அடிக்கக் கொடுத்தவனே நான். ஒரு வரி பிழையில்லாமல் எனக்கு மனப்பாடம். என் கை எழும்பவில்லை.

"வயிறு நிறைஞ்சு போச்சு அண்ணை. ஐஞ்சு வீட்டிலை குடிச்சிட்டன்" என்றேன்.

அவர் ஒரு கணம் பேணியைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லித் தானே குடித்தார். வாசலில் கூடி நின்று பார்த்தவர்களில் தங்கம்மாவும் இருந்தார். பூமணி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

இதோடு முடிந்திருந்தால் முடிந்திருக்கும். வெயில் உச்சியில் நின்றது, உப்பு வேறு தாகத்தைக் கூட்டியிருந்தது. ஏழாவது தங்கம்மாவின் வீடு. அவர் நீட்டிய பேணியை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். பேணியைக் கீழே வைத்தபோதுதான் தெரிந்தது, தங்கம்மா என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, அங்கை வயிறு நிறைஞ்சது, பத்தடி நடக்க வெறுமையாப் போச்சோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் காலையில் சிரித்த சிரிப்பல்ல. ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பு.

ஒன்று பத்துக்கு ஒன்பது வீடும் முடிந்தது. ஒரு பனை நிழலில் பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். பூமணி வெறுங்குடத்தோடு எங்களைத் தேடி வந்தார்.

"கிணத்தடியிலை வாளியை எடுத்து வைச்சிட்டினம்" என்றார். "‘கொஞ்சம் பொறு பிள்ளை, நாங்கள் அள்ளி முடிக்கிறம்’ எண்டினம். அள்ளி முடிச்சும் வாளியைத் தரேல்லை. ‘தம்பிக்கு என்ன வருத்தம்? ஏன் சவூதியாலை வந்தவன்?’ எண்டு கேக்கினம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். நிமிடம் எண்ணியதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

"பதினொரு நிமிசமோ?" என்றார் அக்கா. "அவருக்குப் பல்லிலை ஒரு கட்டி. கீறி விட்டனான்."

"அப்ப அந்த வீடு இல்லையோ?"

"அந்த வீடோ, இல்லையோ எண்டு இப்பவும் சொல்லமாட்டன்." அவர் குரல் உயரவேயில்லை. "இல்லை எண்டு சொன்னால் மிச்சம் எட்டு வீட்டிலை நீர் தேடத் தொடங்குவீர்."

பூமணியின் வீட்டுக்கு மறுபடி போனோம். இப்போதே எல்லாருக்கும் முன்னால் ஒரு பேணி குடித்துவிடுகிறேன் என்றேன். செல்வராசா, நான் முன்பு கவனியாத வீங்கிய கன்னத்தைப் பொத்தியபடி, சிரித்தார்.

"இப்ப குடிச்சால், ‘பயந்தவனை வற்புறுத்திக் குடிக்க வைச்சிட்டினம்’ எண்டு கதைப்பினம். கதை முத்திப் போகும் தம்பி."

அக்கா யோசித்துக்கொண்டிருந்தார். வழி சொன்னது பூமணி. வாசலில் குந்தியிருந்து, வெறுங்குடத்தை உருட்டியபடி சொன்னார்:

"இந்தக் கிணத்திலை எங்கடை கையாலை அள்ளத் தொடங்கி எட்டு வருசம். அதுக்கு முந்தி, அவையள் அள்ளி ஊத்தும் மட்டும் குடத்தோடை காத்து நிண்டனாங்கள். ஐயா அடிவாங்கி, பொலிசுக்குப் போய், கோட்டிலை வழக்குப் பேசி எடுத்த கிணறு. சாதியைச் சொல்லி இனி அதைப் பூட்ட ஏலாது. அந்தச் சண்டை முடிஞ்சுது. ஆனா வருத்தத்தைச் சொல்லிப் பூட்டலாம். அதுக்கு ஒரு கோடும் இல்லை."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது. "வேண்டாம் பூமணி" என்றார்.

"ஏன் வேண்டாம்? தம்பி, கேளும். ஏன் அந்த வீட்டிலை குடிக்கேல்லை எண்டு தங்கம்மா உம்மைக் கேக்காமல் விடமாட்டா. உங்களோடைதான் லோஞ்சுக்கு வாறா. நீர் குடியாததுக்கு எங்கடை சாதிதான் காரணம் எண்டு சொல்லும்."

"நான் அப்பிடிப்பட்டவன் இல்லை அக்கா!"

"நீர் எப்பிடிப்பட்டவர் எண்டு நான் கேக்கேல்லை" என்றார் பூமணி. "அந்தப் பேச்சு எங்களுக்குப் பழகினது. கேட்டு, துப்பிப்போட்டுத் தண்ணி அள்ளப் போவம். மற்றப் பேச்சைத் தாங்க ஏலாது. ஆனா நீராத் தொடங்கிச் சொல்லக் கூடாது. அவ கேக்க வேணும், நீர் வெக்கப்பட்டுச் சொல்ல வேணும். அப்பதான் நம்புவினம்."

பாடசாலையில் சமபந்தி விருந்து நடத்திய மாணவர் மன்றத்தின் செயலாளர் நான். மேடையேறிப் பேசியிருக்கிறேன். அதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அந்த முற்றத்தில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன்.

மூன்று மணி. மாவலித்துறை. லோஞ்ச் இன்னும் வரவில்லை. நாற்பது பேர் வரை நின்றார்கள்: பயணம் போகிறவர்கள், வழியனுப்ப வந்தவர்கள், லாண்ட்மாஸ்ரர்காரர், குடையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு பெரியவர். தங்கம்மா நெய்ப்போத்தல் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எனக்கு நேரே வந்து நின்றார்.

"தம்பி, ஒரு கதை. மறைக்காமச் சொல்லும். அந்தச் செல்வராசாவுக்கு என்ன?"

"பல்லுக் கட்டி."

"அது இண்டைக்கு. சவூதியாலை வந்ததுக்குக் காரணம்? உங்கடை அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும். நீரும் தெரிஞ்சுதானே பேணியைத் தொடேல்லை?"

சுற்றி நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். லாண்ட்மாஸ்ரர்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். அவர் இன்னும் அரை மணித்தியாலத்தில் அந்த ஒழுங்கைக்குத் திரும்பிப் போவார். மங்களம் அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தலையைக் குனிந்தேன். வெட்கத்தை நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"வருத்தமெண்டு இல்லை" என்றேன். "எங்கடை வீட்டிலை... அவையளின்ரை வீட்டிலை தண்ணி குடிக்கிற பழக்கம் இல்லை."

"ஓ!" தங்கம்மாவின் முகத்தில் இருந்த ஆவல் விளக்கை ஊதியதுபோல் அணைந்தது. "அதுதானோ விசயம்? நான் என்னவோ ஏதோ எண்டு நினைச்சன். படிச்ச பெடியன், உப்பையும் சீனியையும் கலக்கிக் காட்ட வந்தவர், இதைக் கலக்கமாட்டாராம். கேட்டியளோ?"

சிலர் சிரித்தார்கள். வலைக்கூடையோடு நின்ற ஓர் இளைஞர் எனக்குக் கேட்கும்படியாகவே காறித் துப்பினார். "இதுகள்தான் நாட்டைத் திருத்தப் போகுதுகள்" என்றார். அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, நீங்கள் சொல்வது சரி என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. லாண்ட்மாஸ்ரர்காரர் பீடியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

அடுத்த மாதம் அக்கா தனியாகப் போய் வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. "கிணறு?" என்று மட்டும் கேட்டேன். "பூமணியாக்கள் அள்ளினம்" என்றார்.

அன்று மூன்றே முக்காலுக்கு லோஞ்ச் வந்தது. ஏறும்போது வழக்கமாகக் கைகொடுக்கும் ஆள் எனக்குக் கைகொடுக்கவில்லை, தாவி ஏறினேன். உள்ளே இரு பக்கப் பலகையும் நிறைந்திருந்தது. தங்கம்மா கூடையை நகர்த்தாமல் இருந்தார். வலைக்கூடை இளைஞர் காலை நீட்டிக்கொண்டார். மங்களம் அக்காவுக்குப் பெண்கள் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் நடுவில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். தீவு பின்னால் ஒரு கோடாகிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு நாளில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: யாருக்கு வருத்தம் என்று இன்னும் தெரியாது, என்னைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும்.

"தம்பி."

குடை வைத்திருந்த பெரியவர். தன் பக்கத்தில் இருந்த சாக்கை எடுத்துக் காலடியில் வைத்து, பலகையைத் துண்டால் துடைத்தார்.

"இஞ்சாலை வாரும். இடமிருக்கு."

நின்றுகொள்கிறேன் என்றேன். விடவில்லை. கையைப் பிடித்து இருத்தினார். எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்டார். சொன்னேன். அப்பாவை அவருக்குத் தெரிந்திருந்தது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஒன்றாக வேலை செய்தவர்களாம்.

"நல்ல வளர்ப்பு" என்றார், முழு லோஞ்சுக்கும் கேட்க. "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு ஆர் வீட்டிலை என்ன செய்யிறதெண்டு ஒரு ஒழுங்கு தெரியாது. வெக்கப்படாதையும்."

பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார். மூடியைக் கழற்றி, தேத்தண்ணியை வார்த்து, ததும்பாமல் இரண்டு கையாலும் நீட்டினார்.

"எங்கடை வீட்டுத் தேத்தண்ணி. நீர் குடிக்கலாம்."

தங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இளைஞரும் பார்த்துக்கொண்டிருந்தார். மங்களம் அக்கா லோஞ்சில் ஏறிய பிறகு முதன்முறையாக என் பக்கம் திரும்பினார், கண் அசையவில்லை.

தேத்தண்ணி நல்ல சூடு. இஞ்சி போட்டு, சீனி அளவாக இருந்தது. மூடியின் அடி தெரியும்வரை குடித்தேன்.